அந்தமானில் வேட்டை: பன்றியும் புள்ளிமானும்

ஒவ்வொரு நாட்டிலும் வேட்டையாடுவோர் விரும்பித் தேடும் விலங்குகள் சில உண்டு. வட அமெரிக்காவில் வெள்ளைவால் மானும், எல்க் என்னும் பெரிய மானினமும், கரடியும், காட்டு வான்கோழியும் வேட்டைக்காரரின் விருப்பத்திற்குரியவை. நம் பழந்தமிழ் நாட்டில் குறிஞ்சி நில மக்கள் தினைப்புனத்தைக் காக்கவும் உணவு தேடவும் பன்றியையும் மானையும் வேட்டையாடினர். கண்ணப்ப நாயனார் காளத்தியப்பருக்குப் படைத்தது பன்றி இறைச்சி என்பதைப் பெரிய புராணம் கேட்டவர் அனைவரும் அறிவர். வேட்டையின் வரலாறு விலங்கின் வரலாறு மட்டுமன்று. அதை ஆடிய மக்களின் வரலாறும் ஆகும்.

அந்தமான் தீவுகளில் வேட்டைக்காரர் விரும்பிய விலங்கு யாது என்று கேட்டால் இரண்டு விடைகள் கிடைக்கின்றன. அக்காட்டிலேயே பிறந்து வளர்ந்த மக்கள் காட்டுப் பன்றி என்பர். கப்பலேறி வந்து ஆண்ட ஆங்கிலேயர் விரும்பியது புள்ளிமான். முன்னது காட்டில் இருந்தது. பின்னது காட்டில் இல்லை, ஆகவே கொண்டுவரப்பட்டது. இவ்விரு வேட்டைகளும் எவ்வாறு நடந்தன, பின்வந்த வேட்டை தீவுகளில் எதை விட்டுச் சென்றது என்பவற்றை நம் சங்கத்தின் ஆண்டு விழா மலர் வழியே அன்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். நம் சங்கத்தாருள் சிலருக்கு அத்தீவுகளில் உற்றார் உறவினர் உண்டு. ஆதலால் இது நமக்குத் தொலைவான செய்தி அன்று.

தீவுகளும் அவற்றின் உயிரினங்களும்

சென்னையிலிருந்து கடல் வழியே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவில் அந்தமான் தீவுகள் உள்ளன. அவற்றிற்குத் தெற்கே, பத்துப் பாகைக் கால்வாய் என்னும் அகன்ற கடற்பரப்புக்கு அப்பால், நிக்கோபார் தீவுகள் கிடக்கின்றன. முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, 1025-ஆம் ஆண்டளவில் அவனுடைய கடற்படை வென்ற இடங்களுள் ஒன்றாக மாநக்கவாரத்தைக் குறிப்பிடுகிறது. அது நிக்கோபாரே என்பது வரலாற்று அறிஞர் கொள்கை. ஆகவே இத்தீவுகளின் பெயர் தமிழர் செவிக்கு ஆயிரம் ஆண்டுகளாகப் பழகியது.

இத்தீவுகள் நெடுங்காலமாகக் கடலால் சூழப்பட்டுப் பெருநிலத்தோடு தொடர்பின்றி இருந்தமையால், நம் நாட்டுக் காடுகளில் காணும் பெருவிலங்குகள் அங்கே இல்லை. புலி இல்லை, சிறுத்தை இல்லை, செந்நாய் இல்லை, மானும் இல்லை, யானையும் இல்லை. அந்தமான் காட்டில் தரைமீது நடமாடிய பெரிய விலங்கு, உருவில் சிறுத்த ஒருவகைக் காட்டுப் பன்றி மட்டுமே. அதனோடு மரநாய், மூஞ்சூறு, எலி, வௌவால் முதலிய சிற்றுயிர்கள் இருந்தன. உடும்பும் பாம்பும் பல்லியினங்களும் மிகுதி. கடலோரக் கழிகளில் உவர்நீர் முதலைகளும், கடலில் ஆமைகளும், நம் பாக் நீரிணை மீனவர் ஆவுளியா என வழங்கும் கடற்பசுவும் வாழ்ந்தன.

இச்செய்தி நம் கட்டுரைக்கு அடிப்படையானது. மேயும் பெருவிலங்கு இல்லாத காட்டில் வளர்ந்த செடிகொடிகளுக்கு மேய்ச்சலைத் தாங்கும் பழக்கம் இல்லை. கொன்று தின்னும் பெருவிலங்கு இல்லாத காட்டில், புதிதாக வந்த இரைவிலங்கைத் தடுத்து நிறுத்துவாரும் இல்லை. இவ்விரண்டையும் படிப்போர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

காட்டு மக்களின் வேட்டை

அந்தமான் பழங்குடிகளாகிய பெரிய அந்தமானியர், ஓங்கேயர், ஜாரவர், சென்டினல் தீவினர் ஆகியோர் உழவு அறியாதவர். காட்டிலும் கடலிலும் கிடைப்பதை உண்டு வாழ்ந்தவர். அவர்கள் உண்ட சிப்பிகளின் ஓடுகளும் விலங்கெலும்புகளும் நூற்றாண்டுக் கணக்கில் குவிந்து, சிறு குன்றுகள்போல் கடலோரங்களில் மேடிட்டுக் கிடக்கின்றன. அகழ்வாய்வாளர் அம்மேடுகளைத் தோண்டி ஆராய்ந்துள்ளனர். சில மேடுகள் இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையன என்று தெரிய வந்துள்ளது. அவற்றுள் பன்றி எலும்புகள் கிடைக்கின்றன. அத்தனை காலம் வேட்டையாடப்பட்ட பின்னும் பன்றியினம் அழியவில்லை என்பது சிந்திக்கத் தக்கது.

பன்றி வேட்டைக்கென அவர்கள் செய்த அம்பு நுண்ணறிவின் விளைவு. அதன் முனை தண்டோடு இறுகப் பிணைக்கப்படுவதில்லை. ஒரு கயிற்றால் இணைக்கப்பட்டிருக்கும். அம்பு தைத்ததும் பன்றி ஓடத் தொடங்கும். முனை உடலில் தங்கிவிடத் தண்டு கழன்று கயிற்றில் தொங்கிக்கொண்டு பின்னே இழுபடும். அடர்ந்த புதரில் தண்டு சிக்கிக்கொள்ளப் பன்றி மேலே ஓட இயலாமல் நிற்கும். இரும்பு கிடையாத நாளில் சிப்பியாலும் எலும்பாலும் முனை செய்தனர். கரையில் ஒதுங்கிய உடைந்த கப்பல்களிலிருந்து இரும்பு கிடைத்த பின்னர் அதைத் தட்டித் தேய்த்து முனையாக்கினர். கடலில் ஆமையையும் ஆவுளியாவையும் மரத்தோணியில் சென்று கயிறு கட்டிய எறியீட்டியால் பிடித்தனர்.

நாய்த் துணையோடு பன்றியை விரட்டும் வழக்கம் தொன்றுதொட்டு வந்தது என்று பலர் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. 1858-க்கு முன் அம்மக்களிடம் நாய் இல்லை. ஆங்கிலேயர் குடியேற்றம் ஏற்பட்ட பின்னரே பெரிய அந்தமானியர் நாயைப் பெற்று வேட்டைக்குப் பழக்கினர்.

இவ்வேட்டைக்கு ஒழுக்க நெறிகளும் இருந்தன. 1906 முதல் 1908 வரை அத்தீவுகளில் தங்கி ஆராய்ந்த ராட்கிளிஃப்-பிரவுன் என்னும் மானிடவியல் அறிஞர் 1922-இல் வெளியிட்ட நூலில் இவற்றை விரிவாக எழுதியுள்ளார். பருவமடையும் இளைஞரும் பெண்டிரும் ஆமை இறைச்சி, பன்றி இறைச்சி முதலிய விருப்ப உணவுகளைக் குறிப்பிட்ட காலம் விலக்கி நோன்பு காக்க வேண்டும். அந்நோன்பு முடிந்து முதன்முறை அவ்வுணவை உண்பது சடங்கோடு நிகழும். வேட்டையில் கிடைத்த இறைச்சியைப் பலரும் பகிர்ந்துண்பர். மூத்தோர்க்கு முதன்மை உண்டு. கொன்ற பன்றிகளின் மண்டையோடுகளைக் குடிலில் வரிசையாகக் கட்டித் தொங்கவிடுவதும் உண்டு. நம் வீடுகளில் முன்னோர் படங்களை வரிசையாக மாட்டுவது போன்று, அவர்களுக்கு அது நினைவும் பெருமையும் ஆகும்.

கப்பலேறி வந்தோரின் வேட்டை

ஆங்கிலேயர் 1789-இல் ஆர்ச்சிபால்டு பிளேர் தலைமையில் இத்தீவுகளில் ஒரு குடியேற்றம் அமைத்தனர். நோய் மிகுதியால் 1796-இல் அதைக் கைவிட்டனர். 1857-ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சிக்குப் பின்னர், 1858 மார்ச்சு 10-ஆம் நாள் டாக்டர் வாக்கர் என்பவர் 200 கைதிகளோடு வந்திறங்கித் தண்டனைக் குடியிருப்பைத் தொடங்கினார். ராஸ் தீவு தலைமையிடமாயிற்று. அத்தீவு 2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு எனப் பெயர் பெற்றுள்ளது. போர்ட் பிளேர் நகரம் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என வழங்குகிறது.

வந்த அதிகாரிகளுள் இயற்கை ஆய்வில் நாட்டம் உடையோரும் இருந்தனர். 1862 முதல் 1864 வரை கண்காணிப்பாளராக இருந்த கர்னல் டைட்லர் பறவை நூல் வல்லவர். அந்தமான் மரநாயின் அறிவியற் பெயரில் இன்றும் அவர் பெயர் வழங்குகிறது. பின்னாளில் 1885-இல் காங்கிரசு மகாசபை தோன்றக் காரணமாயிருந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம், 1873-இல் பறவைகளைச் சேகரிப்பதற்கென்றே இத்தீவுகளுக்குக் கப்பலில் வந்து சென்றார்.

ஆனால் துப்பாக்கி தாங்கிய சாதாரண அதிகாரிக்கு இத்தீவுகள் ஏமாற்றமே அளித்தன. இந்தியப் பெருநிலத்தில் புலியும் கடமானும் சுட்டுப் பழகியவருக்கு இங்கே புறாவும் பன்றியும் அன்றி வேறொன்றும் இல்லை. வெள்ளையரின் ஓய்வு வாழ்வில் வேட்டை எத்துணை இடம் பெற்றிருந்தது என்பதற்கு நம் நீலகிரியே சான்று. அங்கே வேட்டை விலங்குகள் குறைவதைக் கண்டு 1879-லேயே வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை இயற்றினர். தூண்டில் விளையாட்டுக்கு ஏற்ற மீன் இல்லையென்று மேலை நாட்டு ட்ரௌட் மீனைக் கொண்டுவந்து நீலகிரி ஓடைகளில் விட்டனர். இல்லாததைக் கொணர்ந்து விடுவது அவர்களுக்குக் கைவந்த பழக்கம்.

அவ்வாறே அந்தமானிலும் செய்தனர். வேட்டைக்கெனப் பெருநிலத்திலிருந்து மானினங்களைக் கப்பலில் ஏற்றிவந்து தீவுகளில் விட்டனர். கேளையாடு போன்ற வேறு மான்களும் வந்தன. அவை மிகுதியாகப் பெருகவில்லை. புள்ளிமானோ நிலைத்துப் பல்கியது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதிக்குள்ளாகவே அது அந்தமான் காடுகளில் வேரூன்றிவிட்டது.

இருப்புப்பாதை அலுவலகத்தில் சரக்கு ஏடுகளோடு காலங்கழிக்கும் நமக்கு இங்கே ஓர் எண்ணம் எழுகிறது. ஒரு மூட்டை மிளகாயை ஒரு நிலையத்திலிருந்து மற்றொன்றுக்கு அனுப்பினாலும், அனுப்புவோர் பெயர், பெறுவோர் பெயர், சேதத்திற்குப் பொறுப்பேற்போர் பெயர் அனைத்தும் தாளில் எழுதப்பட வேண்டும். உயிருள்ள மான்களைக் கடல் கடத்தி ஒரு தீவில் இறக்கியவர்களிடம் இக்கேள்வியை எவரும் கேட்கவில்லை. அனுப்பியவரும் இறக்கியவரும் தம் நாட்டுக்குத் திரும்பிவிட்டனர். சரக்கு மட்டும் அங்கேயே தங்கிவிட்டது.

மான் பெருகிய கதை

நம் நாட்டுக் காட்டில் ஒரு புள்ளிமான் குட்டி ஈன்றால், அக்குட்டிக்காகப் புலியும் சிறுத்தையும் செந்நாயும் காத்திருக்கும். அந்தமானில் அத்தகைய பகை ஒன்றும் இல்லை. முதலைகள் சில மான்களைப் பிடிக்கலாம். அவற்றால் மானின் பெருக்கத்தைத் தடுக்க இயலாது. மான் நன்கு நீந்தும் விலங்காதலால் ஒரு தீவிலிருந்து அண்டைத் தீவுக்குக் கடல் கடந்தும் சென்றது. விடுதலைக்குப் பின்னர் உழவர் குடும்பங்கள் குடியேறிய பகுதிகளில், விளைச்சலை மேயும் தொல்லையாகவும் அது மாறிற்று.

இத்தொல்லையைத் தீர்க்க 1950-களின் தொடக்கத்தில் ஒரு வழி காணப்பட்டது. மானைத் தின்னும் சிறுத்தைகளைக் கொண்டுவந்து விடலாம் என எண்ணி இரண்டு சிறுத்தைகளைக் காட்டில் விட்டனர். இரண்டும் பெண் சிறுத்தைகள். ஆண் துணையின்றி அவை பெருகுவது எங்ஙனம்? அவற்றின் இனம் அங்கே நிலைபெறவில்லை, மான்களும் குறையவில்லை. கேட்போர் நகைப்பினும் இதில் ஒரு நன்மையும் உண்டு. ஆணும் பெண்ணுமாக விட்டிருந்தால், மானோடு பன்றியும் பறவையும் ஆட்டுமந்தையும் சிறுத்தைக்கு இரையாகி, ஒரு பிழையைத் திருத்தப் புகுந்து மற்றொரு பெரும்பிழை விளைந்திருக்கும்.

யானையின் கதையும் ஏறக்குறைய இத்தகையதே. மரம் இழுப்பதற்காகப் பெருநிலத்திலிருந்து பழக்கிய யானைகள் அந்தமானுக்குக் கொண்டுவரப்பட்டன. வட அந்தமானில் மரத்தொழில் நடத்திய தனியார் நிறுவனம் ஒன்று 1962-இல் தொழிலைக் கைவிட்டபோது, ஏறத்தாழ நாற்பது யானைகள் இன்டர்வியூ தீவில் அப்படியே விடப்பட்டன. ஏறத்தாழ 133 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அச்சிறு தீவில் அவை காட்டு யானைகளாக மாறின. மரப்பட்டைகளை உரித்தும் பிரம்பையும் தாழையையும் முறித்தும் தின்று வாழ்ந்தன.

மானும் யானையும் மேய்வதால் காட்டுக்கு நேர்ந்தது யாது? புதுச்சேரியில் இருந்து பணியாற்றிய சூழலியல் அறிஞர் ரவூஃப் அலி இதைத் தீவு தீவாகச் சென்று ஆராய்ந்து 2004-இல் எழுதினார். மரங்களின் இளங்கன்றுகளை மான்கள் மேய்ந்துவிடுவதால் காடு தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்வது தடைப்படுகிறது என்பது அவ்வாய்வின் சாரம். ஒரு காட்டில் முதியோர் இருந்து குழந்தைகளே பிறவாவிட்டால் அதன் எதிர்காலம் யாதாகும்? நெடிது நிற்கும் பெருமரங்களைக் கண்டு காடு செழிப்பாயுள்ளது என்று பயணிகள் வியப்பர். அடியில் கன்று இல்லாததை அவர்கள் காண்பதில்லை.

2016-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, மான்கள் மேயும் தீவுகளில் காட்டுத் தரையிலும் சிறுசெடிகளிலும் வாழும் பல்லி, ஓணான் வகைகள் குறைந்திருப்பதைக் காட்டிற்று. புல்லுண்ணும் மானுக்கும் பூச்சியுண்ணும் பல்லிக்கும் நேரே பகை இல்லை. மறைந்து வாழ உதவும் தழையை மான் தின்றுவிடுவதே காரணம். இப்பல்லியினங்கள் சில உலகில் வேறெங்கும் இல்லாதவை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அமெரிக்கத் தீவு ஒன்று

இத்தகைய நிகழ்ச்சி அந்தமானுக்கு மட்டும் உரியதன்று. கனடா நாட்டின் கிழக்கே, செயின்ட் லாரன்சு வளைகுடாவில் ஆன்டிகோஸ்டி என்னும் பெருந்தீவு உள்ளது. பிரான்சு நாட்டுச் சாக்லேட் வணிகர் ஆன்றி மெனியே என்பவர் 1895-இல் அத்தீவை விலைக்கு வாங்கினார். தாமும் தம் நண்பரும் வேட்டையாடி மகிழ்வதற்காக அடுத்த ஆண்டு முதல் ஏறத்தாழ 220 வெள்ளைவால் மான்களைக் கொண்டுவந்து விட்டார். அங்கே ஓநாய் இல்லை. மான்கள் ஒரு இலட்சத்துக்கும் மேலாகப் பெருகின. அவை பழச்செடிகளை மேய்ந்து தீர்த்தமையால், முன்பு அத்தீவில் மிகுதியாய் வாழ்ந்த கருங்கரடிகளே உணவின்றி மறைந்தன. மரக்கன்றுகள் முளைத்தெழ இயலாமற் போகவே, காட்டுப் பகுதிகளை வேலியிட்டுக் காக்க நேர்ந்தது.

அமெரிக்கர் வேட்டையால் வேறு வகையிலும் இழப்புற்றனர். கோடிக்கணக்கில் திரிந்த காட்டெருமையினம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் சில நூறுகளாகச் சுருங்கியது. வானை மறைத்துப் பறந்த வழிப்போக்குப் புறாவினத்தின் கடைசிப் பறவை 1914 செப்டம்பர் 1-ஆம் நாள் சின்சினாட்டி விலங்குக் காட்சிச் சாலையில் இறந்தது. அங்கே வேட்டைக்காரரின் விருப்பம் இருந்த விலங்கை இல்லாமற் செய்தது. ஆன்டிகோஸ்டியிலும் அந்தமானிலும் இல்லாத விலங்கை இருக்கச் செய்தது. இரண்டிலும் துன்புற்றது காடு.

சட்டமும் அதன் சிக்கலும்

இனி, வேட்டை பற்றிய சட்டங்களைச் சிறிது காண்போம். 1956-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை ஒன்று அந்தமான் நிக்கோபார் பழங்குடிகளுக்கென நிலப்பகுதிகளை ஒதுக்கி, அயலார் உட்புகுவதைத் தடை செய்தது. நாடு முழுமைக்குமான வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் இயற்றப்பட்டது. அந்தமான் காட்டுப் பன்றி அதன் முதல் அட்டவணையில் இடம் பெற்றது. கடலாமைகள் 1977-இல் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் விளையாட்டு வேட்டைக்கு எஞ்சியிருந்த வாயிலையும் அடைத்தது. நிக்கோபார் பழங்குடிகளுக்கு 1967-ஆம் ஆண்டு அறிவிக்கையால் அளிக்கப்பட்ட வேட்டை உரிமையைத் தான் பாதிக்காது என்று 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 65-ஆம் பிரிவு கூறுகிறது. உணவுக்கான வேட்டைக்கும் களிப்புக்கான வேட்டைக்கும் உள்ள வேற்றுமையைச் சட்டமும் இவ்வாறு ஏற்றுக்கொண்டது எனலாம்.

புள்ளிமானைப் பொறுத்தவரை ஒரு சிக்கல் எழுந்தது. பெருநிலத்தில் அது காக்கப்பட வேண்டிய விலங்கு. தீவில் அது காட்டுக்குக் கேடு செய்வது. சட்டத்தின் முன் இரண்டும் ஒரே மான். 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் அயலின ஊடுருவல் பற்றிய விதிகளைச் சேர்த்தது. எனினும் இந்தியாவுக்கு உரியதல்லாத இனத்தையே அயலினம் என்று அது வரையறுக்கிறது. நம் நாட்டுப் புள்ளிமான் அந்தமானுக்கு அயலானது என்றாலும் இந்தியாவுக்கு அயலானது அன்று. ஆகவே அவ்வரையறைக்குள் வாராது. சட்டம் எழுதுவோர் நிலப்படத்தின் எல்லைக்கோட்டை நோக்குகின்றனர். காடு கடலையே எல்லையாகக் கொள்கிறது.

இதற்காக மானைப் பகை எனக் கருதவும் வேண்டா. அது தானே விரும்பி அங்குச் செல்லவில்லை. அறிஞரும் அரசும் கலந்தாய்ந்து, காட்டுக்கும் சட்டத்துக்கும் ஏற்ற முறையில் அதன் தொகையைக் கட்டுப்படுத்துவதே தக்கது. காட்டுக்கு நன்மை செய்வதாகச் சொல்லிக்கொண்டு தனியார் கண்ணி வைப்பதும் சுடுவதும் குற்றமே ஆகும்.

நம்மவர் கடமை

நிற்க. இவ்வரலாற்றில் நம்மவர்க்கு உள்ள பங்கு யாது? விடுதலைக்குப் பின் அந்தமானில் கிழக்கு வங்காள அகதிகள் 1949 முதல் குடியமர்த்தப்பட்டனர். தமிழரும் தொழிலும் வணிகமும் நாடிச் சென்று பெருந்தொகையினராயினர். 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சில நிக்கோபாரின் கச்சால் தீவு இரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றப்பட்டன. இன்று அத்தீவுகளில் தமிழ்ப் பேச்சு கேளாத கடைத்தெரு அரிது. ஆகவே, அக்காட்டுக்கு நேர்வது அங்குள்ள நம்மவர்க்கும் நேர்வதே.

அவர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஜாரவர் தொன்றுதொட்டு மான் இறைச்சி உண்ணும் வழக்கம் இல்லாதவர் என்று ஆய்வாளர் எழுதியுள்ளனர். தம் காட்டில் மான் மந்தையாய் மேய்ந்தாலும், அவர்கள் தேடியது பன்றியும் உடும்பும் மீனும் தேனுமே. எவரோ கொண்டுவந்து விட்ட விலங்கு அவர்களுக்கு உணவாகவில்லை. ஆனால் அம்மானையும் பன்றியையும் நாடி வெளியிலிருந்து திருட்டு வேட்டைக்காரர் ஒதுக்கீட்டுக் காட்டினுள் புகுவது பல காலமாக நிகழ்ந்து வந்துள்ளது. மானுக்கென வைத்த கண்ணியில் பன்றியும் விழும். பன்றி குறைந்தால் குறைவது ஜாரவர் உணவு. வேட்டைக்காரரோடு கூடவே மதுவும் புகையிலையும் நோயும் உட்புகுகின்றன.

நோய் என்பதை எளிதாகக் கருதலாகாது. 1858-இல் ஏறத்தாழ 5,000 பேர் இருந்தனர் என மதிப்பிடப்படும் பெரிய அந்தமானியர், 1877-ஆம் ஆண்டுத் தட்டம்மை முதலிய கொள்ளைநோய்களால் மாண்டு, 1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 625 ஆயினர். 2011-இல் அவர்கள் 44 பேர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஓங்கேயர் 101 பேர். ஜாரவர் 380 பேர். நம் சங்க விழாவுக்குத் திரளும் கூட்டத்திலும் சிறியது ஓரினத்தின் முழுத்தொகை! ஜாரவர் காட்டை ஊடறுத்துச் செல்லும் நெடுஞ்சாலைப் பகுதியை மூடுமாறு உச்ச நீதிமன்றம் 2002-இல் ஆணையிட்டது. அதன் பின்னரும் அச்சாலையில் வண்டித் தொடர்கள் சென்றுகொண்டே இருந்தன.

பெரிய செயல்களை அரசும் நீதிமன்றமும் செய்ய வேண்டும். எளிய குடும்பத்தினராகிய நம்மால் இயல்வது ஒன்று உண்டு. திருமணத்திற்கும் விருந்துக்கும் மறைவாக மான் கறியோ காட்டுப் பன்றிக் கறியோ கிடைக்கும் என்று எவரேனும் சொன்னால் வேண்டாவென மறுத்துவிடுவதே அது. வாங்குவோர் இல்லையேல் கண்ணி வைப்போர் இலர். புலால் மறுத்தலை ஓர் அதிகாரமாகவே வள்ளுவர் வகுத்துள்ளார். அதை முழுமையாகக் கைக்கொள்ள இயலாதவரும் இந்த ஒரு புலாலையேனும் மறுக்கலாம். காட்டு விலங்கின் கறி விருந்தில் இடம் பெறுவது பெருமைக்குரியது என்னும் எண்ணம் துப்பாக்கி பிடித்த பழைய அதிகாரிகளின் எண்ணம். அவர்கள் போன பின்னும் நாம் அதைச் சுமக்க வேண்டுவதில்லை.

இன்றும் ராஸ் தீவுக்குப் படகில் செல்வோர், பாழடைந்த மாளிகைகளுக்கிடையே புள்ளிமான்கள் மனிதரை அஞ்சாது மேய்வதைக் கண்டு களிக்கின்றனர். தம் குழந்தைகளை அவற்றின் அருகே நிறுத்திப் படம் பிடிக்கின்றனர். நம் உறவினரைக் காண அத்தீவுகளுக்குச் செல்லும் அன்பர்கள் அக்காட்சியைக் காணட்டும். கண்டபின், அம்மான் எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது, அதன் பொருட்டு எக்காடு கன்று இழந்தது, எம்மக்கள் உணவு இழந்தனர் என்பவற்றையும் தம் குழந்தைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுகிறோம்.

தாய்நாட்டை விட்டு அயலூரில் வாழும் நாம், வந்த இடத்தில் பிறர்க்கு இடையூறின்றி வாழ்வதையே பெருமையாகக் கருதுகிறோம். நம் சங்கம் தோன்றியதும் அந்நோக்கத்தாலேயே. அந்தமானில் வாழும் நம்மவரும் அந்நெறியில் நின்று, அத்தீவுகளின் முதற்குடிகள் உண்ணும் உணவில் கைவையாமல், நற்பெயரோடு நீடு வாழ்வாராக!

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!